ஓயாத வாயும் ஒரு தக்கையும்

போனில் எதையாவது விற்க வந்தவனே "மேடம், நான் வெச்சிடட்டுமா?" என்று கெஞ்சிய வீடு நியூ ஜெர்சியின் எடிசன் ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்திருக்கும். ஆன்ட்டி வீடு. கார்ப்பெட் சுத்தம் பண்ணித் தருகிறோம் என்று அவன் ஆரம்பிப்பான். அவன் எந்த ஊர், அம்மா நன்றாக இருக்கிறாளா, கல்யாணம் ஏன் இன்னும் ஆகவில்லை என்றெல்லாம் ஆன்ட்டி விசாரித்து முடிப்பதற்குள் அவனுக்குக் கார்ப்பெட்டே மறந்து போயிருக்கும். கடைசியில் தன் கணவர் கதைக்கு வருவார். "மை ஹஸ்பண்ட் லைக்ஸ் ஃபிஷிங்" என்று தொடங்கி, "பட் ஐ டோல்ட் எவ்ரிபடி ஆபீஸ்" என்று அடுத்த வாக்கியத்துக்குப் போவார். எதிர்முனையில் இருப்பவனுக்கு ஒன்றும் புரியாது. ஆன்ட்டிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான்.

நான் கல்யாணமாகி எடிசனுக்கு வந்தது தொண்ணூற்றெட்டில். என் கணவருக்கு மன்ஹாட்டனில் ஒரு பேங்க்கில் ஒய்-டூ-கே கம்ப்யூட்டர் வேலை. விடிவதற்கு முன் ரயிலைப் பிடித்துப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். எனக்கு டிபெண்டண்ட் விசா. வேலைக்குப் போகக் கூடாது, கார் ஓட்டத் தெரியாது. அபார்ட்மெண்டில் ஃப்ரிட்ஜ் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சென்னைக்குப் பேசலாமென்று போன் கார்டு வாங்கினால், அம்மா அழுது முடிப்பதற்குள் அதில் நிமிஷங்கள் தீர்ந்துவிடும். பேச ஆளில்லாமல் எனக்கு வாய் நாறிப்போகும் என்று நிஜமாகவே பயந்த நாட்கள் அவை.

அப்படியிருக்கும்போதுதான் ஓக் ட்ரீ ரோடு மளிகைக் கடையில், நான் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த கையை யாரோ தட்டிவிட்டார்கள். "அது முத்தலு கண்ணு. அத வாங்கிட்டுப் போயி தச்சு வேலைக்குத்தான் வெச்சுக்கோணும்." திரும்பினால், காட்டன் புடவை, அதற்கு உள்ளே கம்பளிப் பேண்ட், காலில் ஸ்நோ பூட்ஸ், மேலே ஒரு ஆம்பிளைக் கோட்டு. ஈரோட்டுப் பக்கம் என்பது பேச்சிலேயே தெரிந்தது. அமெரிக்கா வந்து கால் நூற்றாண்டு ஆகியும் அந்தக் 'கண்ணு'வும் 'சாமி'யும் கொஞ்சமும் தேயவில்லை. கேஷ் கவுண்டர் வரிசையில் நின்ற நேரத்தில் அவர் மாமியாரின் சர்க்கரை வியாதியிலிருந்து கலிபோர்னியாவில் இருக்கும் ஒரே மகனின் சினேகிதி வரைக்கும் எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கோ ஒரு வார்த்தை விடாமல் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பட்டினி கிடந்தவள் முன்னால் இலை போட்டது மாதிரிதான்.

"ஞாயித்துக்கெழம என்ன பண்ணுவ?" என்று கேட்டார்.

"இவர் தூங்குவார் ஆன்ட்டி. நான் அவர் தூங்கறதப் பாத்துட்டிருப்பேன்."

"அப்ப எங்கூட வா. ஏரிக்குப் போலாம். எனக்கு வண்டியிலருந்து அவர எறக்க ஒரு ஆள் வேணும்."

அவர் என்றால் அங்கிள். மருந்து கம்பெனி ஒன்றில் பெரிய கெமிஸ்ட்டாக இருந்தவர். நான் பார்க்கும்போது சக்கர நாற்காலியில் இருந்தார். பக்கவாதத்தில் வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது. காதும் கண்ணும் சரியாக இருக்கின்றன, எல்லாம் அவருக்குப் புரிகிறது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். ஆனால் முகத்தில் ஒன்றும் தெரியாது. இட்லி ஊட்டினால் சாப்பிடுவார். டிவி போட்டால் பார்ப்பார். இடது கையை மட்டும் எப்போதும் இறுக்கி மூடி முழங்கால்மேல் வைத்திருப்பார். தலையாட்டிக் காட்டுங்கள், விரலைத் தூக்கிக் காட்டுங்கள் என்று தெரபிக்கு வந்த பெண் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தாளாம். அவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம், அவ்வளவுதான்.

நியூ ஜெர்சி ஜனவரியில் ஏரிக்குப் போவது என்பது புத்தியுள்ளவர்கள் செய்கிற காரியமில்லை. மேற்கே ஒரு மணி நேரம் வேனை ஓட்டிக்கொண்டு போனால் மலைக்கு நடுவில் ஒரு பெரிய நீர்த்தேக்கம். ஆழம் அதிகமென்பதால் ஓரத்தில் மட்டும் கண்ணாடித் துண்டு மாதிரி பனி பிடித்திருக்கும், நடுவில் கறுப்பாகத் தண்ணீர் கிடக்கும். படகு இறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சிமெண்ட் தரை ஒன்று உண்டு. அங்கிளை அங்கே நிறுத்தி, சக்கரத்துக்கு பிரேக் போட்டு, கழுத்து வரைக்கும் ரஜாய்ப் போர்வையைச் சுற்றிவிட்டு, ஆன்ட்டி தூண்டிலை எடுப்பார். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு நீளமான கம்பு. நுனியிலிருந்து வரும் நரம்பில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு சிவப்புத் தக்கை. தக்கைக்குக் கீழே அங்கிள் உயரத்துக்கு நரம்பு தொங்கும். அதன் முடிவில்தான் ஜிக். ஈயத்தில் தலை வைத்த சின்னக் கொக்கி, அதன் கழுத்தில் நூலால் இறுக்கிக் கட்டின கொஞ்சம் முடி. புழுவும் கிடையாது, மாவும் கிடையாது.

"இத எந்த மீன் ஆன்ட்டி திங்கும்?" என்று கேட்டேன்.

"பாஸுன்னு ஒரு மீன் கண்ணு. அதுக்குக் குளுருல ஒடம்பு மரத்துப் போயிரும். எதையும் தொரத்தித் திங்காது. அடியிலயும் போகாது, மேலயும் வராது, நடுத் தண்ணியில அப்புடியே தொங்கீட்டிருக்கும். அது மூஞ்சிக்கு நேரா இது சாகப் போற குஞ்சு மீனாட்டம் நடுங்கீட்டு நிக்கோணும். போனாப் போகுதுன்னு வாயத் தொறக்கும்."

இதையெல்லாம் அவர் தெரிந்துகொண்டது அங்கிள் விழுந்த பிறகுதான். கராஜில் பழைய பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் அங்கிள் ஒளித்து வைத்திருந்த மீன்பிடிப் பத்திரிகைகளையும் இரண்டு வீடியோ கேசட்டுகளையும் கண்டுபிடித்து, பரீட்சைக்குப் படிப்பது மாதிரி படித்திருக்கிறார். படித்தது சரி. ஆனால் தக்கையைக் கண் எடுக்காமல் பார்க்க வேண்டுமே! இந்த வகைத் தூண்டிலில் தக்கை முழுகித்தான் ஆக வேண்டும் என்றில்லை. மீன் ஜிக்கை வாயில் வைத்துக்கொண்டு லேசாக மேலே வரும், தக்கை சும்மா சாய்ந்து படுத்துக்கொள்ளும். அந்த நொடியில் கம்பைத் தூக்க வேண்டும். அந்த நொடியில் ஆன்ட்டி என் பக்கம் திரும்பி, சம்பந்தியாக வரவிருக்கும் வெள்ளைக்காரி வீட்டுக்கு என்ன சீர் கொண்டு போவது என்று பேசிக்கொண்டிருப்பார்.

"ஆன்ட்டி, தக்கை சாயுது!"

"அய்யய்யோ!" என்று தூக்குவார். வெறும் கொக்கி வரும். "போகட்டும் போ. அதுக்கும் ஆயுசு கெட்டி" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார். நானும் "அப்புறம்?" என்று கேட்பேன். நான் கேட்காமலிருந்த ஞாயிற்றுக்கிழமையே கிடையாது.

எப்போதாவது மாட்டும். பச்சை முதுகு, பை மாதிரி பெரிய வாய். ஆன்ட்டி கையை நனைத்துக்கொண்டு அதைத் தாடையில் பிடித்துத் தூக்கி, புடவையை மிதித்துக்கொண்டு நாற்காலிக்கு ஓடுவார். "ஏனுங்க! பாருங்க! உங்க மீனுங்க இது, பாருங்க!" அங்கிள் மீனைப் பார்ப்பார். பிறகு தண்ணீரைப் பார்ப்பார். ஆன்ட்டி மீனைத் திரும்ப விட்டுவிட்டு வந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்பார், "சிரிச்சாரா? நீ பாத்தியா?"

"சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு ஆன்ட்டி."

சுத்தப் பொய். ஆனால் அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு அவர் ஒரு வாரம் ஓட்டுவார். அடுத்த ஞாயிறு வேனில் ஏறும்போதே, "போன வாரம் சிரிச்சாரல்ல?" என்று ஆரம்பித்துவிடுவார். நான் ஆமாம் என்று தலையாட்டுவேன்.

அந்த 'ஆபீஸ்' கதைக்கு வருகிறேன். எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், ஒரு வார்த்தை மாறாது. அங்கிள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக ஏரிக்குப் போய்விடுவார். பிடித்ததைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார், வீட்டுக்கு ஒரு மீன்கூட வராது. அதனால் ஆன்ட்டிக்குப் பொய் சொல்வது சுலபமாக இருந்தது. தமிழ்ச் சங்கத்தில் யாராவது "சார் எங்கே?" என்று கேட்டால், "ஆபீஸ்ல வேலைங்க" என்பார். "நம்ம சனம் என்ன சொல்லும் கண்ணு? பண்ணையம் பாக்கற குடும்பம். பிஎச்டி வேற படிச்சுப்போட்டு மீன் புடிக்கப் போறாருன்னா, மூஞ்சிக்கு நேரா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. முதுகுக்குப் பின்னால சிரிப்பாங்க." அங்கிளுக்கு ஊரில் ஞாயிற்றுக்கிழமைகூட உழைக்கிறவர் என்று நல்ல பெயர். அவருக்கு அது தெரியுமா என்று நான் ஒரு தடவை கேட்டேன். தெரியும், ஒன்றும் சொல்ல மாட்டார் என்றார் ஆன்ட்டி.

ஒரு வருஷம் பள்ளிக்கூட ஹாலில் பொங்கல் விழா. சாயங்காலத்துக்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன அங்கிள் வரவில்லை. இருட்டிவிட்டது. கையில் செல்போன் இருந்த காலமில்லை. ஆன்ட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டு, தெரிந்தவர்கள் இரண்டு பேர் "நாங்க போய்ப் பாத்துட்டு வரோம்க்கா, எங்க இருக்காரு?" என்று கோட்டை மாட்டிக்கொண்டார்கள். சுற்றிலும் பட்டுப் புடவைகள், குழந்தைகள், கரும்பு. ஆன்ட்டி சொன்னார், "ஆபீஸ்ல."

"தெரிஞ்சேதான் சொன்னேன் கண்ணு. ஏரியில இருக்காருன்னு எனக்குத் தெரியும். இவுங்க ரெண்டு பேரும் ஆபீஸுக்குப் போயிட்டுத் திரும்பறதுக்குள்ள அவரே வந்துருவாரு, யாருக்கும் தெரியாமப் போயிரும்னு நெனச்சேன். அவுங்க ஆபீஸ் செக்யூரிட்டிய எழுப்பி, மாடி மாடியாத் தேடியிருக்காங்க. நல்ல மனுசங்க. வந்து, 'கார் அங்க இல்லீங்க்கா'ன்னு சொன்னப்பறந்தான் வாயத் தொறந்தேன்."

பார்க் போலீஸ் அவரைக் கண்டுபிடித்தபோது, அந்தச் சிமெண்ட் தரையில் தூண்டிலுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தாராம். இன்னும் சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பேச்சையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். வாழ்நாள் முழுக்க ஒரு பொய்யை ஊருக்குச் சொன்னவர், அதற்குப் பிறகு அந்த உண்மையைப் போகிறவன் வருகிறவனிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். தூண்டில் கடைக்காரனிடம் சொன்னார். புடவைக் கடையில் பிளவுஸ் பிட் தேடிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் சொன்னார். அந்த அம்மா நெளிந்துவிட்டு, "விடுங்கக்கா, எல்லாம் விதி" என்றது. ஆன்ட்டிக்கு வந்ததே கோபம்! "விதியில்லீங்க. நாந்தான்." கடையே திரும்பிப் பார்த்தது. மகன் போனில், "மாம், யூ டோண்ட் ஹாவ் டு டெல் எவ்ரிபடி" என்று சலித்துக்கொள்வான். அவனுக்கு என்ன தெரியும் என்பார் ஆன்ட்டி.

டிரை கிளீனர் கதையை இங்கே சொல்லாவிட்டால் ஆன்ட்டியை முழுசாகச் சொன்னதாக ஆகாது. அவரிடம் விலை உயர்ந்த குளிர்க்கோட்டு ஒன்று இருந்தது, கழுத்தைச் சுற்றி நரி முடி மாதிரி செயற்கை முடி வைத்தது. ஒரு வருஷம் அதில் அங்கங்கே வழுக்கை விழுந்துவிட்டது. டிரை கிளீனர்தான் பாழாக்கிவிட்டான் என்று அவன் கடைக்குப் போய் ஆன்ட்டி ஆடிய ஆட்டத்தில், அந்தக் கொரியாக்காரர் பேச்சில் ஜெயிக்க முடியாமல் ஒரு வருஷம் இலவசமாகத் துவைத்துத் தர ஒப்புக்கொண்டார். அங்கிள் விழுந்த பிறகு அவருடைய தூண்டில் பெட்டியைத் திறந்தால், உள்ளே வரிசையாக ஜிக்குகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஆன்ட்டியின் கோட்டுக் காலர் முடி.

"அத்தன கத்து கத்தினேன் கண்ணு அந்தக் கடையில. இவரு காருக்குள்ளயே உக்காந்து பாத்துட்டிருந்தாரு. ஒரு வார்த்த சொல்லல!" சொல்லும்போதே சிரிப்பு வந்துவிடும். சிரித்து முடிக்கும்போது கண்ணில் தண்ணீர் நிற்கும். மறுநாளே கொரியாக்காரர் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, பிளாஸ்டிக் டப்பா நிறைய முறுக்கு கொடுத்துவிட்டு வந்தாராம். அங்கிள் கட்டிய ஜிக்குகள் தண்ணீரில் கிடக்கும் மரக்கிளைகளில் சிக்கி ஒவ்வொன்றாக அறுந்து போனபோது, ஆன்ட்டி மிச்சமிருந்த காலரையும் தானே வெட்டிக் கட்ட ஆரம்பித்தார். கட்டுவதிலும் பேச்சுதான். நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவார். அவர் கட்டியது மீன் குஞ்சு மாதிரி இருக்காது, பல் விளக்கித் தேய்ந்த பிரஷ் மாதிரி இருக்கும்.

ஒரு நாள் கேட்டேன், "எதுக்கு ஆன்ட்டி இவ்வளவு கஷ்டப்படறீங்க? குளிர்ல அவருக்கும் சிரமம்."

"அவுருக்குப் புடிச்ச எடம். அத ஊருக்கு மறைச்சனே, இப்ப ஊரறியக் கூட்டீட்டு வரேன்." கட்டிக்கொண்டிருந்த ஜிக்கின் நூலை இறுக்கிவிட்டுச் சொன்னார், "அவரு மனசுல என்ன இருக்குன்னு மட்டும் எனக்குத் தெரியோணும் கண்ணு. திட்டறதா இருந்தாலுஞ் செரி. ஒண்ணுமே தெரியாம இப்புடிப் பக்கத்துல இருக்கறது இருக்கே, அது ரொம்பக் கொடுமை."

மூன்றாவது குளிர்காலம். என் கணவருக்கு டல்லாஸ் பக்கம் வேலை மாறப் போகிறது, காப்பெலில் வீடு பார்க்க வேண்டும் என்று பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம். பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. விரல் மரத்துப்போனதால், தூண்டிலை நாற்காலியின் கைப்பிடியில் சாய்த்து வைத்துவிட்டு, டீ எடுக்க நானும் ஆன்ட்டியும் வேனுக்குப் போனோம். ஹீட்டரைப் போட்டுக் கையைச் சூடாக்கிக்கொண்டு முன் கண்ணாடி வழியாகப் பார்த்தால், அங்கிளுக்குப் பக்கத்தில் ஒரு கிழ வெள்ளைக்காரர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் கையிலும் ஒரு நீளக் கம்பு. இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆள் வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு நேரமாக அப்படி இருந்தார்களோ தெரியாது.

அங்கிளின் இடது கை ரஜாய்மேல் விரிந்து கிடந்தது. அந்தக் கை விரிந்து நான் பார்த்ததே இல்லை. முகமும் வேறு மாதிரி இருந்தது. சிரிப்பில்லை. யாரோ சௌகரியமாக உட்கார்ந்திருக்கிற முகம், அவ்வளவுதான்.

"யாரு அது, புதுசா?" என்று ஆன்ட்டிக்கு ஒரே உற்சாகம். ஃபிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு, பனியில் வழுக்கி வழுக்கி, பாதி தூரத்திலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு போனார். "ஹலோ! ஹலோ! வெரி கோல்ட், நோ? யூ வாண்ட் டீ?" நான் அங்கிளின் கையைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன். விரல்கள் ஒன்றொன்றாக மடங்கின. ஆன்ட்டியின் குரல் கிட்டே வர வர, பழையபடி இறுகி மூடிக்கொண்டது. பார்த்திருக்க வேண்டாமே என்று அன்றிலிருந்து எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

கிழவர் மரியாதையாக எழுந்து தொப்பியைத் தொட்டார். இவரை எனக்கு நன்றாகத் தெரியும் என்றார். இந்த மூன்று வருஷம் முட்டி வலியால் வரவில்லை, அதற்கு முன் எத்தனையோ குளிர்காலங்கள் இந்தக் கரையில் அவர் அங்கே, நான் இங்கே. ஒருவருக்கொருவர் பெயர்கூடக் கேட்டுக்கொண்டதில்லை, வரும்போது ஒரு தலையசைப்பு, போகும்போது ஒரு தலையசைப்பு. உங்கள் கணவரை மாதிரி ஒரு துணை எனக்கு அமைந்ததே இல்லை அம்மா, என்றார். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு, அங்கிளைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டுப் போனார். ஆன்ட்டி கையில் மூடி திறந்த ஃபிளாஸ்க் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வேனில் ஒரு பேச்சும் இல்லை. ஆன்ட்டிக்கு உடம்பு சரியில்லையோ என்று பயம்கூட வந்தது. அங்கிளைப் படுக்க வைத்து, கதவைச் சாத்திவிட்டு, சமையலறைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"நீயும் பாத்தியல்ல, அந்தக் கைய?"

எனக்கு இந்தத் தடவை பொய் வரவில்லை.

"அவரு அங்க மீனுக்குப் போகல கண்ணு. என்ற வாய்க்குப் பயந்துதான் போயிருக்காரு. ஊட்டுல நான் எங்க அவர ஒரு நிமிசம் சும்மா இருக்க உட்டேன்? ஞாயித்துக்கெழம ஒரு நாளு, அந்தத் தண்ணிக்குப் பக்கத்துல, யாரு தொந்தரவும் இல்லாம உக்காந்துட்டு வந்திருக்காரு. அந்த எடத்தையும் நான் உடல. வண்டியில தூக்கிப் போட்டுட்டுப் போயி, பக்கத்துலயே நின்னு மூணு வருசமாப் பேசறேன். எந்திரிச்சுப் போகக்கூட முடியாதே அந்த மனுசனால!"

நானும்தானே ஆன்ட்டி என்று சொல்ல நினைத்தேன். பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில், "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக் கேட்டு அந்தப் பேச்சை வளர்த்தது யார்? ஆன்ட்டிக்காவது புருஷன் மேல் செய்த பிழையைக் கழுவ வேண்டும் என்ற தவிப்பு. எனக்கு வெறும் பொழுது போக வேண்டும். அந்த நாற்காலியில் ஒருவர் இருக்கிறார் என்பதே பாதி நேரம் எனக்கு ஞாபகம் இருந்ததில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. ஆனால் அன்றைக்கு நான் அழுதுகொண்டிருந்த ஆன்ட்டியின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேனே தவிர, ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு கூப்பிடமாட்டார் என்றுதான் நினைத்தேன். கூப்பிட்டார். வழியெல்லாம் ரேடியோகூட இல்லை. ஏரியில் அங்கிளைச் சிமெண்ட் தரையில் நிறுத்தி பிரேக் போட்டோம். ஆன்ட்டி பிரேக்கைத் திரும்பவும் மிதித்துப் பார்த்தார். பெரிய கல் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். ரஜாயைச் சுற்றினார். தூண்டிலை வீசி, தக்கை நின்ற பிறகு கம்பை அங்கிளின் இடது கையில் வைத்து, அந்த மூடிய விரல்களைப் பிரித்துச் சுற்றிப் பிடிக்க வைத்தார். பிறகு குனிந்து, அவர் முகத்தைப் பார்க்காமல், "நாங்க வண்டியில இருக்கறமுங்க" என்றார். என்னைப் பார்த்து, "வா" என்றார்.

"ஆன்ட்டி, தனியா விட்டுட்டா? ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"வா கண்ணு."

வேனில் ஏறி, அதைத் திருப்பி, ஏரிக்கு முதுகைக் காட்டி நிறுத்தினார். பின்னால் பார்க்கிற கண்ணாடியையும் கையால் மேலே தள்ளிவிட்டார். எங்களுக்கு முன்னால் இலையில்லாத மரங்களும் ஒரு குப்பைத்தொட்டியும்தான் இருந்தன. அந்தக் கரையில்தான் அவர் தனியாக விழுந்து கிடந்தார். யாரும் வராமல் கிடந்தார். அதே இடத்தில் அவரை அதே மாதிரி தனியாக விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பதென்றால் ஆன்ட்டிக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு கை கதவுப் பிடியில் இருந்தது. இன்னொரு கையால் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். தாங்க முடியாமல் நான் கழுத்தைத் திருப்பினேன்.

"பாக்காத" என்றார், துணியை எடுக்காமலே. "நாம பாத்தாலும் அவருக்குத் தெரியும்."

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ! ஹீட்டரை நிறுத்திவிட்டதால் கண்ணாடியெல்லாம் எங்கள் மூச்சில் மூடிக்கொண்டது. ஒரு கார் வந்து திரும்பிப் போனது. தண்ணீரில் 'தொபக்' என்று ஏதோ ஒரு சத்தம் கேட்டது. மீனா, கல்லா, வேறு ஏதாவதா? ஆன்ட்டி அதற்குமேல் பொறுக்கவில்லை. கதவைத் தள்ளித் திறந்துகொண்டு இறங்கினார். நானும் இறங்கி ஓடினேன்.

அங்கிள் இருந்தார். நாற்காலி அப்படியே இருந்தது. கம்பு மடியில் குறுக்கே கிடந்தது. தக்கை எங்கேயும் காணோம், நரம்பு தண்ணீருக்குள் போயிருந்தது. ரஜாய் சரிந்து இடுப்பில் கிடந்தது. ஆன்ட்டி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, உள்ளே போன மூச்சை வெளியே விட்டு, இன்னும் நாலு எட்டு முன்னால் வைத்தார். எங்கள் பூட்ஸுக்கடியில் பனி நொறுங்குகிற சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். அவர் திரும்பவில்லை. இடது கை மட்டும் கம்பை விட்டு மெதுவாக மேலே வந்தது. புறங்கை எங்கள் பக்கம். விரல்களை விரித்து, ஈ ஓட்டுவது மாதிரி ஒரு முறை பின்னால் தள்ளினார். கொஞ்சம் பொறுத்து, இன்னொரு முறை. போ என்று.

ஆன்ட்டி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். மூன்று வருஷமாக ஒரு தலையாட்டல் கிடைக்காதா என்று தவம் கிடந்தவர். முகம் கோணிக்கொண்டு, கண்ணீர் கொட்டி, அதற்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "போகச் சொல்றாரு கண்ணு" என்றார் கிசுகிசுப்பாக. "என்னையத்தான். போகச் சொல்றாரு."

பிறகு அவர் முதுகைப் பார்த்து, "செரிங்க" என்றார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. என்னை இழுத்துக்கொண்டு, வந்த தடத்திலேயே காலை வைத்து, பனி நொறுங்காமல் மெல்ல மெல்லத் திரும்பி நடந்தார்.